வீட்டுக்குள்ள ஜிபிஎஸ் இல்லாம ட்ரோன் விடலாமா?

ஹாலுக்குள்ள கேமரா ட்ரோன் ஏத்துனா ஜிபிஎஸ் இல்லன்னு வார்னிங் வருது, விடலாமான்னு கேட்டிருக்கீங்க. விடலாம். ஆனா பெரும்பாலான ட்ரோன் அப்ப நம்பியிருக்கிறது அடியில இருக்கிற கேமராவையும் உயரம் பார்க்கிற சென்சாரையும்தான். அந்த கேமரா தரையில ஏதாவது கோடு, டிசைன் தெரிஞ்சாத்தான் ட்ரோனை ஒரே இடத்துல நிறுத்தும், அதனால பளபளக்கிற டைல்ஸ், கண்ணாடி, ஒரே கலர் தரை, மங்கலான வெளிச்சம்னா மெதுவா நழுவ ஆரம்பிச்சிடும், லைட்டெல்லாம் போட்டுட்டு டிசைன் போட்ட விரிப்பு மேல ஏத்துங்க. டேபிள், படிக்கட்டு மேல போறப்ப உயரக் கணக்கு மாறி சட்டுனு ஏறும் இல்ல இறங்கும்.

நிறைய பேர் கவனிக்காதது செட்டிங்தான். ரிமோட் சிக்னல் போனா ரிட்டர்ன் டு ஹோம், அதாவது கிளம்புன இடத்துக்கே தானா திரும்பி வரணும்னு இருந்து, ஜன்னல் பக்கம் கொஞ்சூண்டு ஜிபிஎஸ் கிடைச்சு அந்த கிளம்புன இடமும் (ஹோம் பாயிண்ட்) பதிஞ்சிடுச்சுன்னா, சிக்னல் கட்டானதும் மேல ஏறி சீலிங்ல மோதிடலாம், அதை ஹோவர் (அந்தரத்துல அப்படியே நிக்கிறது) இல்ல லேண்டிங்னு மாத்திடுங்க. சீலிங் கிட்டயும் வேணாம், ப்ரொப்பெல்லர் மேலேருந்து காத்தை இழுக்கிறதால ட்ரோனே போய் ஒட்டிக்கப் பார்க்கும். ஃபேன் ஆஃப், ப்ரொப்பெல்லரைச் சுத்தி மாட்டுற பாதுகாப்பு கார்டு கட்டாயம், வேகமா பறக்கிற ஸ்போர்ட் மோட் பக்கமே போகாதீங்க. ஸ்டிக்கை விட்டா நின்னுடும்ங்கிற பழக்கத்தையும் மறந்துடுங்க, நழுவுனா எதிர்ப்பக்கம் லேசா தட்டணும், அவ்ளோதான்.