துறவி நண்டுக்குக் காய்ந்த இலை: காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

கேள்வி: மகள் இரண்டு துறவி நண்டுகள் (காலி நத்தைக் கூட்டுக்குள் குடியிருக்கும் hermit crab) வளர்க்கிறாள். அவற்றுக்கென்று இணையக் கடையில் 15 கிராம் உலர் இலைக் கலவையை 9 வெள்ளிக்கு வாங்கினோம். தேக்கா சந்தையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை இதைவிட எவ்வளவோ மலிவு. வீட்டிலேயே காய வைத்துக் கொடுக்கலாமா?
- வாசகி, ஈசூன்

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த விலையைக் கணக்குப் போட்டால் கிலோ 600 வெள்ளி வருகிறது. அந்தக் காசுக்கு உள்ளே என்னென்ன இலை என்றாவது எழுதியிருக்க வேண்டும். ‘இயற்கை மூலிகைக் கலவை’ என்று மட்டும் போட்டிருந்தால் அடுத்த முறை தொடாதீர்கள்.

முருங்கை நல்ல தேர்வுதான். துறவி நண்டு தோலுரித்துப் புது மேலோடு வளர்க்கச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். காய்ந்த முருங்கையிலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 2 கிராம் அந்தச் சத்து உண்டு. பாலக்கீரை அப்படியில்லை. அதிலுள்ள ஆக்சலிக் அமிலம் சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிடும். செம்பருத்தி இலை, பூ, கொய்யா இலை எல்லாம் சேர்க்கலாம்.

சிங்கப்பூர் ஈரப்பதத்தில் காய வைப்பதுதான் சிரமம். கீரையை நன்றாக அலசி, காம்பிலிருந்து உருவி, துணியில் ஒற்றி, ஒரே அடுக்காகப் பரப்பி மின்விசிறிக்கடியில் வையுங்கள். கொளுத்தும் வெயில் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும். மழை நாளில் இரண்டு நாளாகியும் இலை துவண்டே கிடந்தால் அடுப்புக்கு மாற்றிவிடுங்கள். ஓவனில் 50, 60 டிகிரி போதும், கதவு லேசாகத் திறந்திருக்கட்டும். ஏர் ஃபிரையர் என்றால் மேலே கம்பி வலை வைத்து மூடுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த இலை காற்றில் பறந்து சூடாக்கும் கம்பியில் ஒட்டிக் கருகும். விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும், ஈர்க்கு ‘டக்’கென்று ஒடிய வேண்டும். ஆறிய பிறகே புட்டியில் போடுங்கள். 100 கிராம் பச்சை இலை வாடி 20, 25 கிராமாகிவிடும். இரண்டு நண்டுக்கு அது மாதக்கணக்கில் வரும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அரிசி, பருப்பு டப்பாவில் பூச்சி வராமலிருக்க வேப்பிலை போடுவோமே, அந்தப் பழக்கத்தில் இந்தப் புட்டியிலும் போட்டுவிடாதீர்கள். வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் தோலுரிக்கும் ஹார்மோனைக் குலைப்பது. நண்டும் ஏறக்குறைய அதே ஹார்மோனை வைத்துத்தான் தோலுரிக்கிறது. புதினா, துளசி, யூகலிப்டஸ் போல வாசனை எண்ணெய் உள்ள இலைகளையும் தள்ளி வையுங்கள். அரளி பக்கமே போக வேண்டாம்.

அப்புறம், புளோக்குக்குக் கீழே உள்ள செடியில் பறிக்காதீர்கள். அங்கே கொசு மருந்துப் புகை அடிப்பார்கள். பூங்காவில் பறிப்பதோ சட்டப்படியே குற்றம். காசு கொடுத்து வாங்கத் தகுந்தது கெத்தப்பாங் இலை, அதாவது நம் நாட்டு வாதுமை. சண்டை மீன் வளர்ப்போருக்காக மீன் கடைகளில் காய்ந்த இலையாகவே விற்கிறார்கள். அதே இலைக்கு ‘நண்டு உணவு’ என்று பெயர் ஒட்டினால் விலை ஏறிவிடும். இந்திய மளிகைக் கடை முருங்கைப் பொடியும் சரிதான், ஆனால் பொருள் பட்டியலில் முருங்கை மட்டும் இருக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் முருங்கை சூப் பொடியில் உப்பும் மிளகும் கலந்திருக்கும்.

கேள்வி: வாங்கிய இலைப் பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளைப் பூஞ்சணம். விற்றவர் ‘இயற்கைப் பொருள், அப்படித்தான் இருக்கும்’ என்கிறார். விட்டுவிடுவதா?

பதில்: விடாதீர்கள். நண்டுத் தொட்டிக்குள் போட்டு ஈரத்தில் பூத்தால் அது வேறு, மூடிய பொட்டலத்தில் பூத்தால் சரியாகக் காயவில்லை என்று பொருள். 2012 செப்டம்பர் முதல் சிங்கப்பூரில் நடப்பிலுள்ள ‘எலுமிச்சைச் சட்டம்’ (Lemon Law) குறையுள்ள பொருளை மாற்றிக் கேட்க உரிமை தருகிறது. பொட்டலத்தைத் தூக்கியெறியும் முன் படம் எடுத்து, வாங்கிய தளத்தின் வழியாகவே எழுத்தில் புகார் கொடுங்கள். சின்னத் தொகைக்கு அதுவே பெரும்பாலும் போதும். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் (CASE) அமைப்பை அணுகலாம்.