பல்கலைக்கழக நூலக ஊழியர்களுக்கான அன்றாட அறிவித்தல்களில் எதை எழுதுவது, எதை விடுவது?

கொழும்பில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவி நூலகராகச் சேர்ந்த கையோடு, ஊழியர் செய்திகளையும் அறிவித்தல்களையும் போடும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்கிறீர்கள். இதே வேலையை இங்கே நெடுங்காலம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கருமபீடத்தில் நிற்பவரை மனதில் வைத்து எழுதுங்கள். "இன்றைக்கு எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்? மேல்மாடி ஏன் பூட்டிக் கிடக்கு?" என்று மாணவர்கள் கேட்பது அவரிடம்தான். பரீட்சைக் காலத்து நீடித்த நேரம், பழுதான ஏ.சி., இயங்காத தரவுத்தளம், யார் லீவு, அவரிடத்தில் யார் என்பவை மேலே வரட்டும். நியமனம், பதவி உயர்வு, வாழ்த்து எல்லாம் கீழே.

நூலகம் மூடும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். இரவல், திருப்பித் தரல் கணக்கெல்லாம் பார்க்கும் கோஹா என்ற நூலக மென்பொருளைப் பாவிக்கும் நூலகமென்றால், மூடும் நாளை அதன் நாட்காட்டியில் குறித்து, திருப்பித் தரும் திகதி அன்று விழாமலும் தண்டப்பணம் ஏறாமலும் அமைத்துக்கொள்ளலாம். போயா விடுமுறைகள் முன்கூட்டியே தெரியும். திடீரென்று மூடுவதுதான் சிக்கல். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டதே, அப்படியான காலத்துத் தண்டப்பணத்தை என்ன செய்வது என்ற முடிவு, கதவு திறக்கும் முன்பே கருமபீடத்துக்கு எழுத்தில் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் அறவிடுவார், மற்றவர் விட்டுவிடுவார்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும் விடப் பொறுப்பானது மரண அறிவித்தல். முஸ்லிம் சகோதரர் ஒருவரின் வாப்பா காலையில் மௌத்தானால் அன்றைக்கே ஜனாஸா நல்லடக்கம் முடிந்துவிடலாம். பின்னேரம் ஒட்டும் தாளால் யாருக்கும் பயனில்லை. சிங்கள வீடுகளில் பெரும்பாலும் இரண்டொரு நாள் வைத்திருப்பார்கள், வான் பிடிக்கவும் மலர்வளையம் சொல்லவும் அவகாசம் கிடைக்கும். தமிழ் வீடென்றால் தகனம் பொரளை கனத்தையிலா, ஊருக்குக் கொண்டுபோகிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்றால் போகிறவர்கள் லீவு போட வேண்டும், இரவு பஸ்ஸுக்கு இடம் பார்க்க வேண்டும். இறந்தவர் நம் ஊழியருக்கு என்ன முறை, வீட்டு முகவரி, கிரியை நேரம், வான் எங்கிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிடும், இவ்வளவும் இருந்தால் போதும். அனுதாப வரிகள் கடைசியில் வரட்டும். காலமெல்லாம் நம்மோடு இறாக்கை அடுக்கியவரின் தாயின் செத்தவீட்டுக்கு, தகவல் பிந்தியதால் ஒருவரும் போகவில்லை என்றால், அந்த மனக்குறை லேசில் ஆறாது.

எங்கே போடுவது? மின்னஞ்சல் மட்டும் போதாது. புத்தகம் அடுக்குபவருக்கும் துப்புரவு செய்பவருக்கும் மேசையும் இல்லை, கணினியும் இல்லை. விரலடையாளம் வைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், எல்லோரும் தினமும் நிற்கும் இடத்தில், சிங்களத்திலும் தமிழிலும் ஒட்டுங்கள். 1987 இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதற்காக மட்டும் சொல்லவில்லை, அந்தத் தாளை வாசிக்கப்போகிறவர் நம்மோடு வேலை செய்கிறவர். வாட்ஸ்அப் குழுவிலும் போடலாம்தான், ஆனால் பூப்படங்களுக்கும் காலை வணக்கங்களுக்கும் அடியில் புதைந்துவிடும்.

வருடாந்தப் புத்தகக் கணக்கெடுப்பு வருகிறதென்றால் எந்த மாடி எப்போது, யார் எந்தப் பிரிவில், இரவல் எந்த நாளில் இருந்து நிற்கும் என்பதைச் சில வாரம் முன்னதாகவே சொல்லுங்கள். விரிவுரையாளர்களுக்கும் தனியாக அறிவியுங்கள். கோபம் வந்தால் அவர்களும் கருமபீடத்துக்குத்தான் வருவார்கள்.

எழுதக்கூடாதவையும் உண்டு. ஒருவர் லீவு என்று போடுங்கள், என்ன வருத்தம் என்று போட வேண்டாம். கடிதம் கைக்கு வராத இடமாற்றத்தை யார் சொன்னாலும் ஏற்றாதீர்கள். ஒழுக்காற்று விசாரணை பற்றி ஒரு சொல்லும் கூடாது. ஒவ்வொரு தாளிலும் திகதியையும், விவரம் கேட்க வேண்டியவரின் பெயரையும் எழுதுங்கள். நாள் கடந்ததை அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.