பழைய ஃபிளாஷ் கார்ட்டூன்களின் பச்சை நகைச்சுவை: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 2000 வாக்கில் வந்த இணையக் கார்ட்டூன்கள் ஏன் எல்லாமே கெட்ட வார்த்தையும் ரத்தமுமா இருந்தன?

பதில்: எல்லாமே இல்லை. ஹோம்ஸ்டார் ரன்னர் 2000-லேயே வந்தது, குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் நிறைய அப்படித்தான் இருந்தன, ஏனென்றால் தட்டிக் கேட்க ஆள் இல்லை. டிவி என்றால் சேனல், விளம்பரம் தருபவர்கள் என்று பலரைத் தாண்ட வேண்டும், இணையத்தில் வரைந்தவரே அன்று ராத்திரி போட்டுவிடலாம். ரென் அண்ட் ஸ்டிம்பி என்ற டிவி கார்ட்டூனை உருவாக்கிய ஜான் கிரிக்ஃபலூசியை 1992-ல் நிக்கலோடியன் சேனல் வெளியேற்றியது. 1997-ல் அவர் இணையத்துக்கென்றே ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஒரு தொடர் செய்தார்.

கேள்வி: சவுத் பார்க் கார்ட்டூன் இணையத்தில் பிறந்ததுதானே சார்?

பதில்: பிறந்தது அங்கே இல்லை, பரவியது அங்கேயும். 1995-ல் பிரையன் கிரேடன் என்ற டிவி நிர்வாகி நண்பர்களுக்கு அனுப்ப கிறிஸ்துமஸ் வீடியோ வாழ்த்து ஒன்று கேட்டார். ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் ஏசுவும் சாண்டாவும் சண்டை போடும் படத்தைச் செய்து கொடுத்தார்கள், அது கேசட்டாகக் கைமாறி, அப்புறம் இணையத்திலும் சுற்றி, 1997 ஆகஸ்டில் காமெடி சென்ட்ரல் சேனலில் தொடராகிவிட்டது.

கேள்வி: டெலிபோன் லைனில் மெதுவாக ஓடும் டயல் அப் மோடத்தில் எப்படிப் பார்த்தாங்க?

பதில்: வெக்டர் என்ற வரைமுறைதான் காரணம். ஃபிளாஷ் கோப்பில் ஒவ்வொரு படமும் தனியாக இருக்காது, கோடும் நிறமும் எங்கே நகர வேண்டும் என்ற கணக்குதான் இருக்கும், அதனால் சில நூறு கிலோபைட்டில் முழுக் கார்ட்டூனே அடங்கிவிடும். நுணுக்கமான முகபாவம் வரைய நாளாகும், தலை தெறிப்பதை ஒரு மாலையில் முடிக்கலாம், கொச்சை பெருகியதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம் என்பேன். அதோடு பார்ப்பவரையும் உள்ளே இழுத்தார்கள். ஜோ கார்ட்டூன் என்ற தளத்தில் 1999-ல் வந்த ஒரு கார்ட்டூனில் மிக்ஸிக்குள் இருக்கும் தவளை உங்களையே கேலி செய்யும், வேகப் பொத்தானை அழுத்துவது நீங்கள்தான்!

கேள்வி: தம்பி, ஹேப்பி ட்ரீ ஃப்ரெண்ட்ஸ் கார்ட்டூனைப் பேரனுக்குப் போட்டுக் காட்டலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. முயலும் அணிலும் பார்க்கத்தான் அழகு, அந்த அழகை வைத்துத்தான் கொடூரத்தைக் காட்டுவார்கள். பெரியவர்களுக்கானது.

கேள்வி: அதெல்லாம் இப்போ பார்த்தா சிரிப்பு வருமா? எங்கே கிடைக்கும்?

பதில்: பாதிக்கு வராது. பெண்களையும் ஓரினச்சேர்க்கையாளர்களையும் மட்டம்தட்டி எழுதியவை அன்றைக்கே மோசம்தான். ஆனாலும் அழியக் கூடாது என்பேன், டாம் ஃபல்ப் நடத்தும் நியூகிரவுண்ட்ஸ் இணையதளத்தில் அப்படிக் கிறுக்கிப் பழகியவர்களில் பலர் பின்னால் நல்ல அனிமேட்டர்களாகவும் கேம் செய்பவர்களாகவும் வந்தார்கள். 2020 கடைசியோடு அடோபி ஃபிளாஷை நிறுத்திவிட்டது, இப்போது ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டும் ரஃபிள் என்ற இலவச மென்பொருள் வழியாக நியூகிரவுண்ட்ஸிலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்திலும் நிறைய பழசு ஓடுகிறது. ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள்.