சிக்னல் 11க்கு ரெம் வாங்காதீர்கள்

கேள்வி: நுவரெலியாவில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். அறை புக்கிங் எல்லாம் எங்கள் இணையத்தளத்தில்தான். சேர்வர், அலுவலக அறையிலேயே இருக்கும் ஒரு லினக்ஸ் பெட்டி. ஏப்ரல் சீசனில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, பணம் கட்டும் நேரத்தில் வெற்றுப் பக்கம் வருகிறது. மற்ற மாதங்களில் எப்போதாவதுதான். பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி புரோகிராமின் லொக்கில் "செக்மென்டேஷன் ஃபோல்ட் (11)" என்று இருக்கிறது. தளத்தைப் பார்த்துக்கொள்பவர் ரெம்மை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள்: புரோகிராமை நிறுத்த லினக்ஸ் அனுப்பிய சிக்னலின் எண் அது. மெமரி போதாமல் லினக்ஸ் தானே ஒரு புரோகிராமைக் கொன்றால் அது 9. அப்போது ரெம் கூட்டுவதில் நியாயம் உண்டு. 11 என்றால், புரோகிராம் தனக்கு உரிமையில்லாத இடத்தில் கை வைத்திருக்கிறது. வீட்டைப் பெரிதாக்கினால் திருட்டு நிற்குமா?

லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் காம்பராவைக் காலிசெய்து போகிறது, ஆனால் ஒரு சாவி அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. காம்பரா வெறுமையாக இருக்கும்வரை அவர்கள் வந்து போனாலும் யாருக்கும் தெரியாது. புதுக் குடும்பம் குடிவந்த பிறகும் பழையவர் வழக்கம்போல வந்து பானையை நகர்த்தி வைத்துவிட்டுப் போவார். இரவில் புதுக்காரர் தடுக்கி விழுவார். விழுந்தவரைப் பிடித்து விசாரித்தால் என்ன கிடைக்கும்? விடுவித்த மெமரியைத் திரும்பவும் தொடுகிற பிழை இப்படித்தான். சீசனில் கூடுவதும் இதனால்தான்: கூட்டம் வந்தால் காலிக் காம்பராக்கள் உடனே நிரம்பிவிடுகின்றன.

உங்கள் பக்கங்கள் பிஎச்பி மொழியில் எழுதியவை என்றால், அவற்றில் எவ்வளவு பிழை இருந்தாலும் பெரும்பாலும் 11 வராது. சந்தேகப்பட வேண்டியது சி மொழியில் எழுதி, பிற்பாடு கொண்டுவந்து செருகிய மொடியூல்களை. பணம் கட்டும் இடத்தில் விழுகிறது என்கிறீர்கள். அந்த வேலைக்கு யாராவது மூலக்கோடு (மனிதர் வாசிக்கக்கூடிய புரோகிராம் எழுத்து) தராமல் ஒரு கோப்பை மட்டும் கொடுத்து "இதைப் போட்டால் சரி" என்றார்களா?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். உங்கள் சேர்வரின் ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது? தளத்தின் பெயர் யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது? முக்கால்வாசிப் பேருக்கு இரண்டும் "பார்த்துக்கொள்பவர்" கையில்தான். கடனை அடைக்காமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாதபடி கட்டிப்போட்ட, கங்காணி காலத்துத் துண்டு முறையை 1921இல் ஒழித்தார்கள். இந்தத் துண்டு இன்னும் ஒழியவில்லை. இவர்கள் ரெம் விற்பார்கள், இல்லையென்றால் இரவுதோறும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்துவிட்டு மாதக் கட்டணம் வாங்குவார்கள். ரீஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். எது எந்தக் காம்பராவில் என்பது மாறிவிட்டது, அவ்வளவுதான். பாஸ்வேர்டை முதலில் வாங்குங்கள்.

அப்புறம், விழுந்த கணத்தின் மெமரியைக் கோர் கோப்பாகச் சேமிக்கச் செய்யுங்கள். அப்பாச்சி ரூட்டாகத் தொடங்கி வேறு பயனருக்கு மாறுவதால், சும்மா விட்டால் கோர் எழுதாது. கோர் எழுத வேண்டிய அடைவை அதன் அமைப்புக் கோப்பில் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும், அந்தப் பயனருக்கு அங்கே எழுத அனுமதியும் வேண்டும். கோர் அளவு வரம்பு பூச்சியமாக இருந்தால் அதையும் நீக்குங்கள். உங்களுக்குப் பெட்டி கையிலேயே இருப்பது அதிர்ஷ்டம். ஒரு ஹோஸ்டிங் கொம்பனியிடம் நான் இதைக் கேட்டபோது மூன்று வாரம் கழித்து "பிரவுசர் கேஷை அழித்துப் பாருங்கள்" என்று பதில் வந்தது. சேர்வர் சாகிறது என்கிறேன், பிரவுசரைக் கழுவச் சொல்கிறார்கள்!

கோரை ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியில் திறந்து பேக்ட்ரேஸ் (புரோகிராம் எந்த வழியாக அங்கே வந்தது என்ற பட்டியல்) எடுத்தால் விழுந்த இடம் தெரியும். ஆனால் அது தடுக்கி விழுந்தவரின் பெயர்தான். சாவி வைத்திருப்பவரைப் பிடிக்க, சந்தேக மொடியூலை அட்ரஸ் சானிடைசர் என்ற மெமரிக் காவல் கருவியோடு மறுபடி கம்பைல் செய்து (மூலக்கோட்டிலிருந்து திரும்ப உருவாக்கி), சோதனைப் பிரதி ஒன்றில் சீசன் அளவு நெரிசலைக் கொடுத்து ஓட்ட வேண்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகும். பலனாக, மெமரியை யார் வாங்கினார், யார் விட்டார், யார் திரும்பத் தொட்டார் என்று மூன்றையும் சொல்லும். வால்கிரைண்ட் என்ற இன்னொரு கருவிக்கு கம்பைல் தேவையில்லைதான், ஆனால் 10 முதல் 50 மடங்கு மெதுவாக்கும். நெரிசலில் மட்டும் வருகிற கோளாறு அந்த வேகத்தில் வராமலே போகலாம். மூலக்கோடு தர மறுக்கிற மொடியூலைக் கழற்றிவிடுங்கள், பேச்சே வேண்டாம்.

ரெம் உண்மையிலேயே குற்றவாளியாகும் நேரம் ஒன்று உண்டு. குறைவாக இருப்பதால் அல்ல, பழுதாகியிருப்பதால். அப்பாச்சி மட்டும் விழுந்தால் இது பெரும்பாலும் இல்லை. டேட்டாபேஸும் விழுகிறது, பேக்கப் கோப்பு விரிக்க முடியாமல் கெட்டுக் கிடக்கிறது, வேறு புரோகிராம்களும் காரணமில்லாமல் சாகின்றன என்றால் சந்தேகப்படுங்கள். பின்னேர இடியும் மின்வெட்டும் உள்ள ஊர், பெட்டி வேறு ஈரச் சுவரோரம் இருக்கும். மெம்டெஸ்ட்86+ என்ற ரெம் சோதிக்கும் புரோகிராமை யுஎஸ்பியில் போட்டு இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் பழுதுதான். ரெம் குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்து, கெட்டதை மட்டும் மாற்றுங்கள். அப்போதும் இரட்டிப்பாக்கத் தேவையில்லை.

கோர் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், உங்கள் "பார்த்துக்கொள்பவருக்கும்" கூட. அந்தக் கணத்தில் பணம் கட்டிய விருந்தாளியின் கார்ட் இலக்கமும் பாஸ்வேர்டும் அதற்குள் அப்படியே கிடக்கலாம். பேக்ட்ரேஸ் எழுத்தை மட்டும், ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வேலை முடிந்ததும் கோரை அழித்துவிடுங்கள்.