தட்டம்மையும் எல்லை தாண்டியவர்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டல்லாஸ் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன். போன வாரம் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது தட்டம்மை பற்றிப் பேச்சு வந்தது. உடன் வேலை செய்பவர் ஒருவர், நம்மூர்க்காரர்தான், “எல்லையைத் திறந்துவிட்டால் இப்படித்தான். ஊசி போடாத கூட்டமெல்லாம் உள்ளே வந்துவிட்டது” என்றார். நான் மறுத்தேன். உடனே போனை எடுத்து, சிகாகோவில் குடியேறிகள் முகாமில் தட்டம்மை பரவிய பழைய செய்தியைக் காட்டினார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா?

(மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. தட்டம்மையைத் தடுக்கும் எம்எம்ஆர் ஊசியில் இரண்டாவது பாக்கி. மனைவி ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துப் போடலாம் என்கிறாள். அது வேறு கதை.)

குமரன்

அன்புள்ள குமரன்,

சிகாகோ செய்தி பொய்யில்லை. ஆனால் உங்கள் நண்பர் அதைப் பாதியில் நிறுத்திவிட்டார். பில்சன் பகுதியில் இருந்த அந்த முகாமில் கிட்டத்தட்ட 2000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு தங்கியிருந்தார்கள். 2024 மார்ச் 7 அன்று முதல் நோயாளி உறுதியானார். மறுநாளே ஊசி போடும் குழு உள்ளே போய்விட்டது. மூன்று நாளில் 882 பேருக்குப் போட்டு முடித்தார்கள். தட்டம்மைக்காரர் ஒருவர் இருந்துவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் நிற்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டும். அப்படிப்பட்ட நோய் அந்தக் கூட்டத்தில் 57 பேரோடு, மே மாதத்துக்குள் அடங்கியது. கையை நீட்டச் சொன்னார்கள், அத்தனை பேர் நீட்டினார்கள். காரணம் அவ்வளவுதான்.

இப்போது உங்கள் மாநிலத்துக்கு வாருங்கள். 2025 ஜனவரிக் கடைசியில் மேற்கு டெக்சாஸின் கெய்ன்ஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தொடங்கியது ஆகஸ்ட் 18 அன்றுதான் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. 762 பேருக்கு நோய். ஊசி போடாத இரண்டு பள்ளிக் குழந்தைகள் இறந்துபோயின. அமெரிக்காவில் தட்டம்மையால் ஓர் உயிர் போனது பத்து வருடத்தில் அதுவே முதல் முறை. அந்தக் கவுண்டியில் 2023-24இல் பாலர் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவுக்கு ஏதாவது ஒரு ஊசிக்கு விலக்கு வாங்கியிருந்தார்கள். தட்டம்மை பரவாமல் நிற்க நூற்றுக்கு 95 பேர் ஊசி போட்டிருக்க வேண்டும். நாடு முழுக்க அது 93-க்கும் கீழே இறங்கிவிட்டது. எல்லையை அடைத்தாலும் திறந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அந்தக் கவுண்டியில் முதலில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் மெனோனைட் கிறிஸ்தவர்கள். இதைச் சொல்லும்போது ஒரு தயக்கம் வருகிறது. குடியேறிகளை விட்டுவிட்டு நாளை இவர்களைத் திட்டக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் மதம் ஊசியைத் தடுக்கவில்லை. 1970களில் மெக்சிகோவிலிருந்து அந்தக் கவுண்டியின் செமினோல் ஊருக்கு வந்து குடியேறியவர்கள்தான் அவர்களும். ஜெர்மன் வழி மொழி பேசும் வெள்ளைக்காரர்கள் என்பதால் உங்கள் நண்பரின் கணக்கில் வரவில்லை போலும்.

நோய் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். செமினோலுக்கு உறவினர்களைப் பார்க்கப் போய்த் திரும்பிய எட்டு வயதுப் பையன் ஒருவனிடமிருந்துதான் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் தட்டம்மை தொடங்கியது. அங்கே அது ஆயிரக்கணக்கானோருக்குப் பரவி, இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் பலர் தோட்டங்களில் கூலி வேலை செய்த பழங்குடியினர். மெக்சிகோக்காரர்கள் “டெக்சாஸ் எல்லையை மூடு” என்று கிளம்பியிருந்தால் அதற்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும்.

வெளியிலிருந்து நோய் வருவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2000இல் அமெரிக்கா தட்டம்மையை ஒழித்ததாக அறிவித்த பிறகு, ஒவ்வொரு வருடமும் அது வெளியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் கொண்டுவந்தவர்கள் ஊசி போடாமல் வெளிநாடு போய்த் திரும்பிய அமெரிக்கவாசிகள். விடுமுறைக்கு ஊருக்கு வந்துபோகிற நம் ஆட்களும் அதில் சேர்த்திதான்.

நீங்கள் கிரீன் கார்டு வாங்கியவர் என்றால் அந்த மருத்துவப் பரிசோதனை நினைவிருக்கும். என் தங்கை வாங்கியபோது நான் அங்கே இருந்தேன். சின்ன வயதில் ஊசி போட்ட அட்டை ஊரில் எந்தப் பரணில் கிடக்கிறதோ யாருக்குத் தெரியும். அம்மாவுக்குப் போன் போட்டால், “எல்லாம் போட்டாச்சுடி, நீ அழுத அழுகை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு” என்றாள். அம்மாவின் ஞாபகம் அமெரிக்க அரசாங்கத்துக்குப் போதவில்லை. முப்பத்தாறு வயதில் தங்கை மறுபடியும் எம்எம்ஆர் போட்டுக்கொண்டாள். டாக்டர் தாளை உறையில் போட்டு ஒட்டி, ஓரத்தில் கையெழுத்திட்டு, “நீங்கள் பிரிக்கக் கூடாது, பிரித்தால் செல்லாது” என்று கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்பவர்கள் ஊசிக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று 1996இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதே டெக்சாஸில் பிறந்த குழந்தைக்கு, மனசாட்சிக் காரணம் என்று சொல்லி பெற்றோர் விலக்கு வாங்கலாம். முன்பு அந்தப் படிவத்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளலாம்.

பழிபோடும் வழக்கமும் புதிதில்லை. 1916இல் நியூயார்க்கில் போலியோ வந்தபோது புரூக்ளினின் இத்தாலியக் குடியேறிகள்மேல் போட்டார்கள். அப்புறம் பூனைமேல் போட்டு, ஆயிரக்கணக்கில் அவற்றைக் கொன்றார்கள். நமக்கும் இது தெரியாததா? 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஆட்கள் ஊர் திரும்பியபோது எங்கள் ஊர் எல்லையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார்கள். அடைக்கப்பட்டவன் எங்கள் பெரியப்பா மகன். முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினான். இந்தப் பக்கம் நின்ற ஒருவர் முகத்திலும் மாஸ்க் இல்லை.

இனி அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியதற்கு வருகிறேன். அது வேறு கதை இல்லை குமரன்.

மின்னசோட்டாவில் சோமாலியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2004இல் அவர்கள் வீட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 92 பேர் எம்எம்ஆர் போட்டிருந்தார்கள். தங்கள் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஆட்டிசம் இருப்பதாகப் பெற்றோருக்கு ஒரு கவலை இருந்தது. அந்த நேரம் பார்த்து, ஊசியால்தான் ஆட்டிசம் என்று பேச ஆட்கள் தேடி வந்தார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்ட பிரிட்டிஷ் டாக்டர் வேக்ஃபீல்டே நேரில் வந்தார். லான்செட் என்ற மருத்துவ இதழில் 1998இல் அவர் எழுதிய கட்டுரையை 2010இல் அந்த இதழே திரும்பப் பெற்றுவிட்டது; டாக்டர் பட்டியலிலிருந்து அவர் பெயரையும் நீக்கிவிட்டார்கள். அப்படியும் 2014இல் 92 என்பது 42 ஆகிவிட்டது. 2017இல் 75 பேருக்குத் தட்டம்மை வந்தது, பெரும்பாலும் சோமாலியக் குழந்தைகளுக்கு. ஊசியைக் கண்டு பயப்படுவதை அவர்கள் அமெரிக்காவுக்கு வந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

உங்கள் மனைவி பார்த்த வீடியோ எதுவென்று எனக்குத் தெரியாது. அவர்மேல் கோபப்படாதீர்கள், பயந்தவரிடம் வாதம் செய்தால் பயம்தான் கூடும். குழந்தைகள் டாக்டரிடம் மூன்று பேருமாகப் போங்கள், மனைவி கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும். முதல் ஊசி நூற்றுக்கு 93 பேரைக் காக்கும், இரண்டாவதும் போட்டால் 97. ஆபீஸ் நண்பருக்கு எப்போது வேண்டுமானாலும் பதில் சொல்லிக்கொள்ளலாம். டாக்டரிடம் இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள்.