நைட் டியூட்டியில ஒருத்தர், வார்டுல 28 பேர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பி.எஸ்சி நர்சிங் முடிச்சு பாண்டிச்சேரியில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில ஒன்றரை வருஷமா வேலை பாக்குறேன். சேரும்போது ரெண்டு வருஷ பாண்டு எழுதி வாங்கிட்டு ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் வெச்சுக்கிட்டாங்க. இப்போ கல்யாணமாகி கோயம்புத்தூர் போகணும், ஒரு லட்சம் கட்டுனாதான் சர்டிஃபிகேட்னு சொல்றாங்க. கடலூர் லேபர் ஆபீஸ்ல கேட்டா இங்க வராதுன்னு அனுப்பிட்டாங்க.
(பெயர் வேண்டாம், நெல்லிக்குப்பம்)

பதில்: பயப்படாதீங்கம்மா. பாண்டு வேற, சர்டிஃபிகேட் வேற, ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டு உங்கள நிறுத்தப் பாக்குறாங்க. படிச்ச சர்டிஃபிகேட்டு விக்கிற சரக்கு இல்ல, அதை அடமானம் மாதிரி புடிச்சு வெச்சுக்க முடியாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டே சொல்லியிருக்கு, பாண்டிச்சேரிக்கும் அதே ஹைகோர்ட்தான்.

பாண்டு விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. அதெல்லாம் செல்லாது, கிழிச்சுப் போடுன்னு கூட வேலை பாக்குறவங்க சொல்லுவாங்க, அது முழுசா சரியில்ல. வேலைய விட்டதுக்கு அப்புறம் வேற எங்கயும் சேரக்கூடாதுன்னு தடுக்குறதைத்தான் 1872 ஒப்பந்தச் சட்டம் 27-ம் பிரிவு ஒத்துக்காது. இத்தனை வருஷம் இங்க இருக்கணும்னு போடுற பாண்டு அதுல அடிபடாதுன்னு 2025 மே மாசம் விஜயா பேங்க் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அங்க 2 லட்சம் கட்டணும்ங்கற கண்டிஷனும் நின்னுச்சு. ஆனா அது அரசு வங்கி, ஊர் உலகத்துக்கெல்லாம் விளம்பரம் குடுத்து பரீட்சை வெச்சு ஆள் எடுத்த செலவு இருந்துச்சு. உங்க ஆஸ்பத்திரி உங்களுக்குன்னு என்ன ட்ரெயினிங் குடுத்துச்சு, என்ன செலவு பண்ணுச்சு? அதே ஒப்பந்தச் சட்டத்தோட 74-ம் பிரிவு படி பாண்டுல எழுதின தொகை உச்ச வரம்புதான், அதுக்குள்ள நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அதைத்தான் கேட்கலாம், அதுவும் கோர்ட்டுக்குப் போய்க் கேட்கணும். நீங்க முக்கால்வாசி காலம் முடிச்சிருக்கீங்கன்னும் அங்க சொல்லலாம்.

ராஜினாமா லெட்டரை ஈமெயில்லயும் ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க, அதே லெட்டர்ல சர்டிஃபிகேட்டையும் எழுத்துல கேளுங்க, போன்ல பேசுறதெல்லாம் நிக்காது. ரெண்டு வாரத்துல வரலைன்னா சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் வக்கீல் இலவசம், 15100-க்கு போன் பண்ணாலும் வழி சொல்லுவாங்க. கடலூர் ஆபீஸ்ல சொன்னது நிஜம்தான்மா, வீடு எங்க இருக்குன்னு பாக்க மாட்டாங்க, வேலை பாக்குற இடம் முள்ளோடை எல்லை தாண்டி இருந்தா பாண்டிச்சேரி தொழிலாளர் துறைதான்.

கேள்வி: நைட்ல 28 பேஷண்டுக்கு நான் ஒருத்திதான். போன வாரம் ஒருத்தருக்கு ஆன்டிபயாடிக் ஒண்ணரை மணி நேரம் லேட் ஆச்சுன்னு மெமோ குடுத்துட்டாங்க. நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா கேஸ் என் மேலயா, ஆஸ்பத்திரி மேலயா?
(ஸ்டாஃப் நர்ஸ், வில்லியனூர்)

பதில்: நஷ்டஈடுன்னு வந்தா ஆஸ்பத்திரிதான் பதில் சொல்லணும், 1995-ல சுப்ரீம் கோர்ட் குடுத்த சாந்தா கேஸ் தீர்ப்புல இருந்தே காசு வாங்குற ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள்ள வந்துடுச்சு, ஸ்டாஃப் பண்ற தப்புக்கும் அவங்கதான் பொறுப்பு. கிரிமினல் கேஸ் அப்படி இல்ல, அது ஆளு மேல. 2024 ஜூலையில இருந்து அமல்ல இருக்குற பாரதிய நியாய சன்ஹிதா 106-ம் பிரிவுல கவனக்குறைவால சாவு நடந்தா 5 வருஷம் வரைக்கும் தண்டனை, டாக்டர் சிகிச்சை பண்ணும்போது நடந்தா மட்டும் 2 வருஷம் வரைக்கும்னு குறைச்சிருக்காங்க. அந்தச் சலுகை மெடிக்கல் ரெஜிஸ்டர்ல பேர் இருக்குறவங்களுக்குத்தான், நர்ஸுக்கு இல்ல. ஒரே வார்டு, ஒரே பேஷண்ட், டாக்டருக்கு ஒரு அளவு நர்ஸுக்கு ஒரு அளவுன்னா இதைவிட அநியாயம் எனக்குத் தெரியல, நர்ஸ் சங்கங்கள் இதை விடாம கேட்கணும்.

ஆள் பத்தலைங்கறதை ஒவ்வொரு நைட்டும் எழுதி வைங்க, உங்களக் காப்பாத்தப் போறது அதுதான். முந்தின ஷிஃப்ட்கிட்ட இருந்து பொறுப்பு (ஓவர்) எடுத்ததும் ரிப்போர்ட் புக்குல இப்படி எழுதுங்க: "28 நோயாளிகள், ஒரு செவிலியர், இருவர் ஆக்சிஜனில். கூடுதல் ஆள் கேட்டு 9.15-க்கு சூப்பிரண்டென்டுக்கு போன் செய்தேன்." மெமோவுக்கும் இதே தொனியில பதில் குடுங்க, மன்னிப்பு மட்டும் எழுதிக் குடுத்துட்டு வந்துடாதீங்க. நர்சிங் கவுன்சில் கணக்குலயே பொது ஆஸ்பத்திரி வார்டுக்கு 5 பெட்டுக்கு ஒரு நர்ஸ், அதாவது மூணு ஷிஃப்டா பிரிச்சா ஒரு ஷிஃப்டுக்கு 15 பெட்டுக்கு ஒருத்தர், அதுக்கு மேல லீவுக்குன்னு 30 சதவீதம். என்னைக் கேட்டா அந்த 15-ஏ ஜாஸ்தி.

கேள்வி: மஞ்சக்குப்பத்துல 40 பெட் ஆஸ்பத்திரியில மேனேஜரா இருக்கேன். 9 நர்ஸ், சம்பளம் 13,000. ஆறு மாசத்துல பாண்டிச்சேரி மெடிக்கல் காலேஜ் எதுலயாவது சேர்ந்துடுறாங்க. காப்பீட்டுத் திட்டப் பணமும் லேட்டா வருது. செலவை எப்படிக் குறைக்கிறது?
(பெயர் வேண்டாம், கடலூர்)

பதில்: சார், பேப்பர் பேனா எடுத்து ஒரு கணக்கு போடுவோம். 15 பெட்டுக்கு ஒருத்தர்ங்கற நர்சிங் கவுன்சில் கணக்குல 40 பெட்டுக்கு ஷிஃப்டுக்கு மூணு பேர் வேணும், ஒரு நாளைக்கு மூணு ஷிஃப்ட், வாரத்துக்கு 63 டியூட்டி. ஒருத்தர் வாரம் 6 டியூட்டி பாத்தா உங்க 9 பேரும் சேர்ந்து 54 தான் வருது, ஒருத்தருக்குக் கூட காய்ச்சல் வராம இருந்தா. மீதி 9 டியூட்டிய யாராவது டபுள் ட்யூட்டியா இழுக்குறாங்க, அவங்கதான் முதல்ல போறாங்க, சம்பளம் அதுக்கு அப்புறம்தான் காரணம். லீவுக்கான அந்த 30 சதவீத ரிசர்வையும் சேர்த்தா 14 பேர் வேணும்.

50 பெட்டுக்குக் கீழ இருக்குற ஆஸ்பத்திரியில 20,000-க்குக் குறையக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லி 2016-ல மத்திய அரசு போட்ட கமிட்டி பரிந்துரை பண்ணுச்சு. அது பரிந்துரைதான், கேரளா 2018-ல அதைக் குறைந்தபட்ச ஊதியமாவே ஆக்கிடுச்சு. 14 பேருக்கு 20,000-ன்னா மாசம் 2,80,000, இப்போ நீங்க குடுக்குறது 1,17,000, ஒரே தாவா தாவ முடியாதுன்னு எனக்கும் புரியுது.

ஆனா உங்க 40 பெட்டும் தினமும் நிரம்புதா? நிரம்பலைன்னா பத்து பெட்ட மூடுங்க. 30 பெட்டுக்கு ஷிஃப்டுக்கு ரெண்டு பேர், வாரம் 42 டியூட்டி, லீவ் ரிசர்வோட 9 பேர் போதும், உங்ககிட்ட இருக்குற அதே 9 பேர். அவங்களுக்கு 20,000 குடுத்தா 1,80,000, கூடுதல் செலவு 63,000-ல நின்னுடும், ஈ.எஸ்.ஐ.ல உங்க பங்கு 3.25 சதவீதம், ஆளுக்கு 650 ரூபா தனி. அடிக்கடி புது ஆள் எடுத்து வேலை கத்துக்குடுக்குறதுல போற பணமும் நேரமும் அந்த 63,000-க்கு எதிர்ல வெச்சுப் பாருங்க. பத்து பெட் வருமானம் போகுமேன்னு ஓனர் கேப்பாரு, கேக்கட்டும், ஆள் இல்லாத பெட்டுல படுக்க வெச்ச பேஷண்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வர்ற கேஸ் செலவையும் அதே பேப்பர்ல எழுதிக் காட்டுங்க.

இன்னொண்ணு, காப்பீட்டு ஃபைலுக்கு போட்டோ ஏத்துறது, பார்மஸிக்கு ஓடுறது, பில்லுக்கு ஓடுறது எல்லாம் நர்ஸ் தலையிலதான் இருக்கும்னு நினைக்கிறேன். அதுக்கு ஒரு டேட்டா என்ட்ரி ஆள் போடுங்க, ஃபைல் ஒழுங்காப் போனா கிளெய்ம் திரும்பி வர்றதும் குறையும்.

கேள்வி: அம்மாவுக்கு ஊசி போட வந்த பொண்ணு நர்சிங் படிக்கல, இங்கயே கத்துக்கிட்டேன்னு சொல்லுச்சு. இதைத் தட்டிக் கேட்கலாமா?
(வாசகி, பாகூர்)

பதில்: கண்டிப்பா கேளுங்க, அந்தப் பொண்ணுகிட்ட இல்ல, மேனேஜ்மென்ட்கிட்ட. ஸ்பிரிங் மெடோஸ்னு டெல்லி ஆஸ்பத்திரி கேஸ், மருந்து மாத்திப் போட்டு ஒரு குழந்தைக்கு மூளை பாதிச்சது, ஊசி போட்டவங்க எந்த நர்சிங் கவுன்சில்லயும் பதிவு பண்ணாதவங்கன்னு தெரிஞ்சது, 1998-ல சுப்ரீம் கோர்ட் குழந்தைக்கு 12.5 லட்சம், அப்பா அம்மாவுக்கு 5 லட்சம்னு நஷ்டஈட உறுதி பண்ணுச்சு. ஊசி போடுறவங்க பேரும் கவுன்சில் பதிவு எண்ணும் எழுத்துல கேளுங்க, கூடவே அம்மாவோட கேஸ் ஷீட் காப்பியும் கேட்டு வாங்குங்க, கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு விதி இருக்கு.