ஓட்டக்காரர் கேள்வி - பதில்: 16-ஆவது கிலோமீட்டரில் கால் ஏன் கனக்கிறது?

வடசென்னை ஓட்டக் குழுக்களைச் சேர்ந்த வாசகர்கள் அரை மாரத்தான் (21.1 கி.மீ.) பற்றிக் கேட்டவற்றில் சில.

10 கி.மீ.யை 60 நிமிடத்தில் முடிக்கிறேன். அரை மாரத்தானை 2 மணி நேரத்தில் முடிக்க ஆசை. குழுவில் வேகமாக ஓடுபவர்களோடுதான் கிளம்புவேன். 15 கி.மீ. வரை சுகமாகப் போகிறது. 16 தாண்டியதும் கால் கல்லாகிவிடுகிறது. எங்கே குறை?
- திருவொற்றியூர் வாசகர்

குறை முதல் ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. 2 மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி (5:41). உங்கள் 10 கி.மீ. வேகமே 6:00 தான். அதைவிட வேகமாக, இரண்டு மடங்கு தூரம் ஓடப் பார்க்கிறீர்கள். 10 கி.மீ. 60 நிமிடம் என்றால், ஒழுங்காகப் பயிற்சி செய்தவருக்கு அரை மாரத்தான் 2 மணி 12 நிமிடம் பக்கம் வரும். இந்த முறைக்கு அதை இலக்காக வையுங்கள்.

முதல் 3 கி.மீ.யை 6:30-இல் ஓடுங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பிறகு 6:15. இப்படிப் போனால் 16 கி.மீ. 1:40:45-இல் வரும். மிச்சத்தையும் 6:15-லேயே பிடித்தால் 2:12:37-இல் முடியும். தெம்பு மிச்சமிருந்தால் 18-க்கு மேல் செலவழியுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

நம் ஊர்ப் புழுக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜனவரி விடியற்காலையில்கூட ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தைத் தாண்டும். வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது, உடம்பு குளிர்வதில்லை. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திரும்புவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. 8-ஆவது கி.மீ.யில் சுலபமாக இருந்த வேகம் 16-இல் சுமையாவதற்கு இது பாதிக் காரணம்.

அடுத்தது தீனி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவருக்கு மணிக்கு 30 கிராமாவது மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. சின்னப் பேரீச்சை நான்கைந்திலும் ஏறக்குறைய அதுவே. 7 கி.மீ.யில் ஒரு தடவை, 13-இல் ஒரு தடவை சாப்பிடுங்கள். 16-இல் சோர்ந்த பிறகு சாப்பிட்டால் அது வேலை செய்வதற்குள் பந்தயம் முடிந்துவிடும். கடலை மிட்டாய் வேண்டாம், மூச்சு வாங்கும்போது தொண்டையில் சிக்கும். காலையில் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு சாம்பார் இல்லாமல் இரண்டு மூன்று இட்லி போதும். முந்தின ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) சாப்பிடும் ஆசையை மெடல் வாங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் காரமும் 10-ஆவது கி.மீ.யில் வயிற்றைக் கலக்கும்.

ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னை (நீண்ட பயிற்சி ஓட்டத்தை) 6:50 - 7:15 வேகத்தில் ஓடுங்கள். பாதி வழியில் அது போட்டியாகிவிடுவது குழுக்களின் தீராத வியாதி. பந்தயத்துக்கு முன் 16 - 18 கி.மீ. ஓட்டம் குறைந்தது மூன்று முடித்திருக்க வேண்டும். கடைசி நீண்ட ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் இடையே இரண்டு வாரம் இருக்கட்டும்.

தண்ணீர் கொடுக்கும் இடத்திலெல்லாம் நின்று குடிக்கிறேன். ஆனாலும் முடிக்கும்போது தலைவலி, விரல்கள் வீங்கி மோதிரம் கழற்ற முடியவில்லை. இன்னும் அதிகம் குடிக்க வேண்டுமா?
- ராயபுரம் வாசகி

குறைக்க வேண்டியிருக்கலாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். முற்றினால் வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். மெதுவாக ஓடி நிறையக் குடிப்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். ஓடும்போது குழப்பமோ வாந்தியோ வந்தால் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவ உதவிக்குப் போக வேண்டும்.

உங்கள் அளவை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஓடுவதற்கு முன் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடி, ஈரத் துணியைக் கழற்றி, உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 62.0 கிலோ 61.2 ஆகி, நடுவில் 250 மி.லி. குடித்திருந்தால், வியர்வை 800 + 250 = 1,050 மி.லி. இதை முழுக்கத் திரும்ப நிரப்பத் தேவையில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும், பலருக்கு மணிக்கு 400 - 600 மி.லி. ஆகும். ஓடி முடித்த பின் எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஓ.ஆர்.எஸ். எடுத்துப்போனால் 20.5 கிராம் பாக்கெட்டை முழு 1 லிட்டரில் கரையுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டுவதால்தான் பலருக்குக் குமட்டல் வருகிறது.

வாட்ச் 21.4 கி.மீ. காட்டியது. பாதையைத் தப்பாக அளந்துவிட்டார்களா?
- தண்டையார்பேட்டை வாசகர்

முறையாகச் சான்று பெற்ற பாதையென்றால், அளவை முன்கூட்டியே சரிபார்த்த சைக்கிளில், வளைவின் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, மிகக் குறுகிய வழியில் அளந்திருப்பார்கள். குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடவும் சேர்ப்பார்கள். நீங்கள் கூட்டத்தை விலக்கி வளைந்து வளைந்து ஓடியிருப்பீர்கள். மேம்பாலத்தின் அடியிலும் உயரக் கட்டடங்களுக்கு நடுவிலும் ஜி.பி.எஸ். தடுமாறும். இதை அலட்சியப்படுத்தினால் நேரம் போகும்: வாட்ச் முழுக்க 5:41 காட்டினாலும் 21.4-க்குக் கணக்கிட்டால் 2:01:37. அதனால் வாட்ச் தானாகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நேரம் குறிக்கும் வசதியை (தானியங்கி லேப்) அணைத்துவிட்டு, ரோட்டோரக் கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது நீங்களே பொத்தானை அழுத்துங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் லாங் ரன் போகலாமா?
- எர்ணாவூர் வாசகர்

தவிர்ப்பது நல்லது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் விடியுமுன்னே வரிசை கட்டும், ஓரத்தில் மணலும் குழியும். போயே ஆக வேண்டுமென்றால் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசையில், ஒளிரும் உடுப்போடு ஓடுங்கள், இயர்போன் கூடாது. 2 - 3 கி.மீ. சுற்றாக ஓடக்கூடிய அமைதியான தெருக்கள் கிடைத்தால் தண்ணீரையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாம். ஆனால் ஒரே திசையில் சுற்றாதீர்கள். ரோடு ஓரத்துக்குச் சரிந்திருக்கும். ஒரு காலே எப்போதும் பள்ளத்தில் விழுந்தால் முட்டிக்கு வெளிப்புறம் வலிக்கும். பாதியில் திசை மாற்றுங்கள். வலி வந்தால் பந்தயக் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது: உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

மணலி, கொடுங்கையூர், ராயபுரத்தில் காற்றுத் தர நிலையங்கள் உள்ளன. புறப்படுமுன் காற்றுத் தரக் குறியீட்டு எண்ணைப் (ஏ.க்யூ.ஐ.) பாருங்கள். 200-ஐத் தாண்டினால் ஓட்டத்தை ஒத்திவையுங்கள். குளிர்கால விடியலில் புகை தரையோடு தங்கும். போகியன்று காலை ஓடவே வேண்டாம்.

நண்பருக்குக் கால் சுளுக்கு. அவருடைய பிப்பை (மார்பில் குத்தும் பந்தய எண் அட்டையை) மாட்டிக்கொண்டு நான் ஓடலாமா?
- வியாசர்பாடி வாசகர்

கூடாது. நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு அவருடைய ரத்த வகையைப் பார்ப்பார்கள், அவருடைய வீட்டுக்குப் போன் போகும்.